ஆறாவது மேம்பாடு

“பில் போடட்டுமான்னு கேட்டான் மாமா. துப்பறியிறவங்க பில் வாங்க மாட்டாங்கன்னு சொல்லிட்டேன்” என்றபடி விசில் அந்த அட்டைப்பெட்டியை என் மேசைமேல் வைத்தான்.

“அதை எதுக்குடா கடையில சொன்ன?”

“பயப்படாதீங்க, அவன் நம்பலை. துப்பறியிறவரோட செருப்பா இப்படித் தேஞ்சிருக்குன்னு கேட்டான்.”

விசில் என் மனைவியின் தம்பி. முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பெயர் அப்படி வந்தது. ஓய்வு பெற்ற மறுநாள் என் அலுவலகத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. மனிதர்களில் பாதிப் பேர் டிக்கெட் எடுக்காமல் வருகிறவர்கள் என்பது அவன் எண்ணம். முக்கால்வாசிப் பேர் என்பது என் எண்ணம். அந்தக் கால்வாசி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாளாக ஒத்துப்போகிறோம்.

மணி பதினொன்று. நான்கு மணிக்குள் இந்தப் பெட்டிக்குள் இருப்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தூண்டில் ரீல் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். போய், நேற்று நான் சொன்னது சரிதான் என்று முதலாளியிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழக்கு ரொம்பச் சின்னது. தொழிற்சாலை முதலாளி இரண்டு வருடம் மெனக்கெட்டு ஒரு புது உருண்டை ரீல் செய்தார். தூண்டில் கம்பின் தலைமேல் உட்கார்ந்திருக்குமே, கட்டைவிரலை வைத்து வீசுவோமே, அந்த ஜாதி ரீல். பழைய ரீலில் கூடு நான்கு துண்டு. பெரிய மீன் இழுத்தால் ஆடும். புதியதை ஒரே கட்டி உலோகத்தில் கடைந்தார்கள். பழையதில் வீசும்போது தூண்டில் நரம்பை நடத்திச் சுற்றும் வழிகாட்டியும் சேர்ந்து ஓடி நரம்பைத் தேய்க்கும். புதியதில் வீசும் நேரம் அது சும்மா நின்றுகொள்ளும். கைப்பிடியை அரை விரல் நீட்டினார்கள். பக்கத் தட்டைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், ஓரத்தில் ஒரு கொக்கி இருக்கிறது, தள்ளித் திருப்பினால் கையோடு வந்துவிடும். உள்ளே ஆறு பிரேக் கட்டைகள். நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல் வேகமாகச் சுழலும்போது அவை வெளியே நகர்ந்து உரசி வேகத்தை அடக்கும், நரம்பு சிக்கு விழாது. ஆக மொத்தம் ஐந்து மேம்பாடு.

அடுத்த மாதம் கடைக்கு வருவதாக இருந்தது. அதற்குள் போட்டிக் கம்பெனி முந்திக்கொண்டது. போன வாரம் அவர்களுடைய விளம்பரத் தாள் வந்தது. அதே உருண்டை, அதே கொக்கி, அதே ஐந்து. கூடவே ஆறாவதாக ஒன்று: ‘வேறு எவரிடமும் இல்லாத மென்னடை’.

முதலாளி என்னிடம் ஓடி வந்தார். நான் ஆறு நாள் அலைந்தேன். நேற்று தொழிற்சாலையின் அசெம்பிளி ஹாலில் இருபத்திரண்டு பேரை நிற்க வைத்துக்கொண்டு விரலை நீட்டினேன். நீட்டியது வரைபடக்காரரை நோக்கி. சட்டைப் பையில் எப்போதும் ஆறு அங்குல ஸ்கேல் வைத்திருப்பதால் அவரை எல்லோரும் ஸ்கேல் என்றே கூப்பிடுவார்கள். ரீலை வரைந்தவர் அவர்தான்.

“ஐந்துதான் முதலாளிக்குத் தெரியும். ஆறு எப்படி வந்துச்சு? வரைஞ்சவன் ஒண்ணை முதலாளிகிட்ட மறைச்சு வச்சு, ஆறையும் சேர்த்து அங்க குடுத்திருக்கான்” என்றேன். கேட்க எவ்வளவு பொருத்தமாக இருந்தது! எனக்கே பிடித்துப்போனது. ஸ்கேல் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. பேச்சு வராதவனைக் கண்டால் எல்லோருக்கும் குற்றவாளியாகத்தான் தெரியும். மறுநாள் நான்கு மணிக்குள் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் போலீஸ் என்றார் முதலாளி. ஸ்கேலின் மனைவி அதே ஹாலில், கடைசி மேசையில், பெட்டி மடிக்கிறவர். அவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

“பிரிங்க மாமா. மென்னடை எப்படி நடக்குதுன்னு பாப்போம்” என்றான் விசில்.

பெட்டியைத் திறந்து போட்டிக் கம்பெனி ரீலைக் கையில் எடுத்தேன். கொக்கியைத் தள்ளினேன். தட்டு கழன்றது. ஸ்பூலை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன்.

ஆறு கட்டைகள். ஒவ்வொன்றும் பால் பல் அளவு. நான்கு முழுசாக இருந்தன. எதிரெதிராக இருந்த இரண்டு மட்டும் குட்டையாக, நுனி ஒரு பக்கம் சாய்ந்து இருந்தன. இடப்பக்கம் சாய்வு.

ஸ்பூலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

“என்ன மாமா, பல் டாக்டர் மாதிரி உத்துப் பாக்கறீங்க?”

மேசை இழுப்பறையைத் திறந்து, தீப்பெட்டி ஒன்றை எடுத்து, அதிலிருந்த இரண்டு துண்டுகளை உள்ளங்கையில் கொட்டினேன். பக்கத்தில் அந்த ஸ்பூலைப் பிடித்தேன். அதே குட்டை. அதே சாய்வு.

விசில் குனிந்து பார்த்தான். என் கையைப் பார்த்தான். அப்புறம் என் முகத்தை.

“இது எங்க இருந்து வந்துச்சு?”

“நான் தேய்ச்சதுடா.”

சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று மாதம் முன்னால் முதலாளி நான்கு மாதிரி ரீல்களை நான்கு பழைய தூண்டில்காரர்களிடம் ஒரு மாதம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நீர்த்தேக்கத்தில் ஞாயிறு தவறாமல் உட்காருகிற நானும் அதில் ஒருவன். அப்படித்தான் அவருக்கு என்னைத் தெரியும். வழக்கு வந்ததும் அந்த நான்கு பெயரையும் சந்தேகத் தாளில் எழுதினேன். எழுதி முடித்ததும் முதலில் என் பெயரை அடித்தேன். என்னை எனக்குத் தெரியாதா? மற்ற மூவரின் பின்னால் இரண்டிரண்டு நாள் சுற்றினேன். அதில் ஒருவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டு கட்டிலில் கிடந்தார். அவர் ஜன்னலுக்கு வெளியேயும் நின்றேன்.

எனக்கு அந்த பிரேக்கைப் பிடிக்கவில்லை. என் கட்டைவிரல் ஐம்பது வருடமாகச் செய்கிற வேலையை ஆறு பிளாஸ்டிக் துண்டுகள் செய்யும் என்றால் எப்படி நம்புவது? இரண்டைக் கழற்றி அரத்தால் தேய்த்தேன். என் வலது மணிக்கட்டு எப்போதோ முறிந்து கோணலாகச் சேர்ந்தது. எதைத் தேய்த்தாலும் இடப்பக்கம் சாயும். மாட்டி வீசிப் பார்த்தேன். இரை பத்து அடி கூடப் போய் விழுந்தது. திருப்பிக் கொடுக்கும்போது, பையில் உபரியாகக் கொடுத்திருந்த இரண்டு கட்டைகளைப் போட்டு மூடிவிட்டேன். கூடவே ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ‘ரீலில் ஏதாவது மாற்றினீர்களா?’ என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளியின் ரீலை நான் குடைந்தேன் என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

விசில் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

“பாராட்டணும் மாமா. வரைபடத்துல இல்லாத ஒண்ணை வச்சு குற்றவாளியைக் கண்டுபிடிச்சுட்டீங்க. என்ன, ஆளைத்தான் ஒருத்தர் தள்ளிக் காட்டிட்டீங்க.”

“வாயை மூடுடா.”

“மூடறேன். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. ரீல் உங்க வீட்டை விட்டு எங்க போச்சு?”

“எங்கயும் போகலை. பீரோவுல வச்சுப் பூட்டினேன். சாவி இடுப்புல.”

“இப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க. எங்க ஏறினீங்க, எங்க இறங்கினீங்கன்னு வரிசையாச் சொல்லுங்க. நடுவுல ஒரு ஸ்டாப்பை முழுங்கறவன் மூஞ்சி எனக்குத் தெரியும்.”

வரிசையாகச் சொன்னேன். முதல் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு. மூன்றாம் ஞாயிறு கரையில் கால் வழுக்கி விழுந்தேன், ரீல் மணலில் புதைந்தது. கைப்பிடியைச் சுற்றினால் கரகரவென்று சத்தம். தொழிற்சாலைக்குக் கொண்டுபோனால் கீழே போட்டதற்கு முறைப்பார்கள் என்று…

அங்கே நிறுத்தினேன்.

“முழுங்கிட்டீங்க” என்றான் விசில்.

“ரிப்பேர் கடையில ரெண்டு நாள் குடுத்தேன்.”

“பூட்டு, பீரோ, இடுப்பு எல்லாம் சரி. ரிப்பேர் கடைக்கு மட்டும் லீவா?”

“நான் என்ன ஏமாளியாடா? மெழுகு வச்சுட்டுத்தான் குடுத்தேன். ரீலோட மூணு ஸ்க்ரூ தலையிலும் மெழுகுவத்தியை உருக்கி விட்டேன். திரும்ப வாங்கும்போது பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். ஒரு கீறல் இல்லை. அவன் திறக்கவே இல்லை.”

“அப்போ வாங்க, திறக்காதவரையே போய்ப் பாப்போம்.”

கடை பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருந்தது. ஒரு ஆள் படுத்தால் தலையும் காலும் சுவரில் முட்டும். தையல் மெஷின், மேசை விசிறி, ரீல், எது வந்தாலும் செய்வார். நெற்றியில் கடிகாரம் பழுதுபார்க்கிற கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உபசரிக்கிறவனை நான் நம்புவதில்லை. நின்றுகொண்டேன்.

“ஏம்ப்பா, மூணு மாசம் முன்னாடி ஒரு உருண்டை ரீல் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?”

“மெழுகு வச்ச ரீல்தானே? எப்படி மறக்கும்? இருபது வருஷத்துல என்கிட்ட மெழுகு வச்சுக் குடுத்த முதல் ஆளு நீங்கதான்.”

விசில் இருமினான். எனக்குக் காது சூடானது.

“மெழுகு பாத்தியா?”

“பாத்தேன். சரி, இந்தப் பெரியவருக்கு நம்ம மேல நம்பிக்கை இல்லைன்னு புரிஞ்சுது. அந்தப் பக்கம் கையே வைக்கலை. இந்தப் பக்கம் கொக்கி இருந்துச்சு. தள்ளினேன், தட்டு கழண்டுச்சு. ஸ்பூலை எடுத்துட்டு அந்த ஓட்டை வழியா மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். மணலெல்லாம் வந்துடுச்சு. நல்ல ரீல். ஸ்க்ரூவே இல்லாம திறக்குது, எவனோ புத்திசாலி பண்ணியிருக்கான்.”

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அந்தக் கொக்கியை நான் எத்தனை தடவை தள்ளியிருப்பேன்! அதன் வழியாகத்தான் கட்டைகளைக் கழற்றினேன். ஆனால் மெழுகு வைக்க உட்கார்ந்தபோது கை ஐம்பது வருடப் பழக்கத்தில் ஸ்க்ரூவைத் தேடிப் போனது. ஸ்க்ரூ இருக்கிற பக்கம் மூன்று சொட்டு விட்டேன். ஸ்க்ரூ இல்லாத பக்கத்தைக் காவலுக்கு ஆளில்லாத வாசல் மாதிரி விட்டுவிட்டேன்.

“மாமா ஜன்னலுக்கு மூணு பூட்டு போட்டுட்டு கதவை மறந்துட்டாரு” என்றான் விசில் ரிப்பேர்காரரிடம். “அப்புறம் அந்த ரீலை யாராவது பாத்தாங்களா?”

“பேரிங் கொண்டு வர்றவரு பாத்தாரு. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வருவாரு, பெரிய கம்பெனிகளுக்கும் போடறவரு. ரொம்பப் பிடிச்சுப்போச்சு அவருக்கு. ‘ஒரு நாள் குடுங்க, பாத்துட்டுக் காலையில தர்றேன்’னாரு. குடுத்தேன். சொன்ன மாதிரி காலையிலயே கொண்டு வந்துட்டாரு.”

“குடுத்தியா!” நான் எழுந்துவிட்டேன். “அடுத்தவன் சாமானை யாரைக் கேட்டுய்யா குடுத்த? அது எவ்வளவு பெரிய ரகசியம் தெரியுமா?”

ரிப்பேர்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து கழற்றினார். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“ரகசியமா? அய்யா, நீங்கதானே சொன்னீங்க, வெளிநாட்டுல இருக்கற உங்க பொண்ணு வாங்கி அனுப்பினதுன்னு. அங்க கடையில கடையில தொங்குதுன்னு சொன்னீங்களே. கடையில தொங்கற சாமானை ஒருத்தர் பாக்கறதுல என்ன இருக்குன்னு குடுத்தேன்.”

சொன்னேன். ஆமாம், சொன்னேன். இவனிடம் எதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

விசில் என் பக்கம் திரும்பினான். “மாமா, எங்க அக்காவுக்குத் தெரியாம உங்களுக்கு வெளிநாட்டுல ஒரு பொண்ணு வேற இருக்கா?”

ரிப்பேர்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் அவருக்குள் மெதுவாக இறங்கியது.

“ரகசியம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா என் பெட்டியில போட்டுப் பூட்டியிருப்பேனே” என்றார். “யாருக்காவது இதனால தொந்தரவா? நான் வேணா வந்து சொல்லட்டுமா? கடையைச் சாத்திட்டு வர்றேன்.”

“வேண்டாம்” என்றேன். வெளியே வந்தோம்.

தெருவில் வெயில் மண்டையைப் பிளந்தது. மணி இரண்டரை. பஸ் நிறுத்தத்தில் நின்றோம். எனக்கு மனக்கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பேரிங்காரன் திருடன், அதில் சந்தேகம் இல்லை. கொடுத்தவர் ரிப்பேர்காரர். இந்த இரண்டையும் முதலாளியிடம் சொன்னால் ஸ்கேல் தப்பித்துவிடுவார். ரிப்பேர் கடைக்கு ரீல் எப்படிப் போனது என்றால், சோதனைக்கு வாங்கிய நால்வரில் எவரோ என்று இழுக்கலாம். எந்த ரீல் என்று யாருக்குத் தெரியும்? நான்கும் ஒரே மாதிரி. தீப்பெட்டியை வழியில் சாக்கடையில் போட்டுவிட்டால் போதும்.

“என்னடா சொல்ற?” என்றேன்.

“நான் ஒண்ணும் சொல்லலையே மாமா.”

“அதான் கேக்கறேன்.”

விசில் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முப்பத்தைந்து வருடமாக அவனை எனக்குத் தெரியும். சாவு வீட்டில்கூட வாயை மூடாதவன். தொழிற்சாலை வரைக்கும் பேசவில்லை. அது என்னை என்னவோ செய்தது.

முதலாளியின் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கேல் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு வெள்ளைத் தாள். நான்கு வரி எழுதியிருந்தார். வரி கோணாமல் இருக்க ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, அதன்மேல் எழுதியிருந்தார். தன் தலையெழுத்தை எழுதிக் கொடுக்கும்போதும் அந்த மனிதருக்குக் கோடு நேராக இருக்க வேண்டும். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

“வாங்க பெரியவரே” என்றார் முதலாளி. “ரீல் வந்துடுச்சா? பாத்தீங்களா?”

“பாத்தேன். இவர் இல்லை.”

ஸ்கேலின் பேனா நின்றது.

“என்னது?” என்றார் முதலாளி.

“பேரிங் போடற ஒருத்தன். ரிப்பேர் கடையில மாதிரி ரீல் ஒண்ணு கிடந்திருக்கு, அதை ஒரு ராத்திரி தூக்கிட்டுப் போய் அளவெடுத்துட்டான். கடைக்காரரே சொல்றாரு. இவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.”

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். “ரிப்பேர் கடைக்கா? எங்க ரீல் அங்க எப்படிப் போச்சு?”

“அதை இன்னும் விசாரிக்கணும்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. பின்னால் விசில் நின்றுகொண்டிருந்தான். அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஸ்கேல் பேனாவை வைத்துவிட்டு நான் மேசைமேல் வைத்திருந்த போட்டிக் கம்பெனி ரீலை எடுத்தார். தப்பித்தோம் என்று மூச்சுகூட விடவில்லை. நேராகக் கொக்கியைத் தள்ளி ஸ்பூலை உருவினார். அவர் கண் அந்த இரண்டு கட்டைகள்மேல் போய் நின்றது. பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்து அளந்தார்.

“ஒன்றரை மில்லி குறைச்சிருக்காங்க” என்றார் மெதுவாக. “எதிரெதிரா ரெண்டு. கனம் குறைஞ்சதால இந்த ரெண்டும் மெல்லமா உரசும். ஆரம்ப வேகத்துல ஆறும் புடிக்கும், கடைசியில நாலுதான் வேலை செய்யும். இரை தூரமாப் போகும். சார், நான் நாலு மாசம் இதுக்குத்தான் தலையை உடைச்சுக்கிட்டேன். புது ஸ்ப்ரிங் எல்லாம் போட்டுப் பாத்தேன். இவ்வளவு சுலபமா…”

“அதான் ஆறாவதா?” என்றார் முதலாளி.

“ஆமா. ஆனா இது அவங்க யோசிச்சது இல்லை சார்.” கட்டையை நகத்தால் தொட்டார். “யோசிச்சு வரைஞ்சவன் நேரா வெட்டுவான். இது சாய்வு. எவரோ கையில அரம் வச்சுத் தேய்ச்சது. தேய்ச்ச கை கோணல். அந்தக் கோணலையும் மேம்பாடுன்னு நினைச்சு அச்சுல ஏத்திட்டாங்க.” முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். “யாரு பெரியவரே இதைத் தேய்ச்சது? அந்த ஆளை நான் பாக்கணும்.”

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே பார்க்க ஆசைப்பட்டார். நேற்று இருபத்திரண்டு பேர் முன்னால் திருடன் என்று சொன்னவனிடம், ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டார்.

தீப்பெட்டி என் சட்டைப் பையில் இருந்தது. வழியில் சாக்கடை இரண்டு இருந்தன, போடவில்லை. ஏன் போடவில்லை என்று தெரியாது. எடுத்து மேசைமேல் கொட்டினேன்.

“நான்தான்.”

ஸ்கேல் அந்தத் துண்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மணல், மெழுகு, இல்லாத பொண்ணு, அந்தத் தாளில் ‘இல்லை’ என்று எழுதியது, எல்லாம். சொல்லச் சொல்ல முதலாளியின் முகம் கறுத்தது. “உங்களை நம்பி இந்த மனுஷனை…” என்று ஆரம்பித்து முடிக்காமல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

ஸ்கேல் என் இரண்டு துண்டுகளையும் விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

“மாத்தினேன்னு அந்தத் தாள்ல ஒரு வரி எழுதியிருந்தீங்கன்னா, இது நம்ம ரீல்ல வந்திருக்கும்” என்றார். “உங்க பேரையும் போடச் சொல்லியிருப்பேன்.”

“மன்னிச்சுடுங்கன்னு சொல்றேன்” என்றேன்.

“இங்க எதுக்கு?” ஸ்கேல் எழுந்தார். எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், கிழிக்கவில்லை. “நேத்து எங்க வச்சு சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க.”

ஹாலுக்குப் போனோம். நேற்று நான் பேசுவதற்காக எல்லா மெஷினையும் நிறுத்தியிருந்தார்கள். இன்று யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. கடைசல் மெஷின் கிறீச்சிட்டது, அச்சு மெஷின் தொம் தொம்மென்று இடித்தது. இருபத்திரண்டு பேரும் கை வேலையை விடாமல் கண்ணை மட்டும் தூக்கினார்கள். ஸ்கேல் ஒரு தூண் ஓரமாக நின்றுகொண்டார். அவரிடமிருந்து மற்றவர்கள் நேற்றிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

“எல்லாரும் கேளுங்க!” கத்தினேன். “ரகசியத்தை வெளிய விட்டது நான்! என் கையில குடுத்த ரீலை நான் ரிப்பேர் கடையில விட்டேன்! அங்க இருந்துதான் போச்சு! பொய் எழுதிக் குடுத்தது நான்! தப்பு என்னுது!”

தொம் தொம்மென்று இடி தொடர்ந்தது. முன் வரிசையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. வயசுக்கு மீறிக் கத்திவிட்டேன். கடமை முடிந்தது என்று திரும்பினேன்.

“கடைசி மேசைக்குக் கேக்கலை.”

ஸ்கேலின் மனைவி. தலை நிமிரவில்லை. அட்டையை எடுத்தார், மடித்தார், அடுக்கினார்.

விசில் என் முழங்கையைத் தொட்டான். “போங்க மாமா. கிட்டப் போய்ச் சொல்லுங்க.”

மேசைகளுக்கு நடுவே நடந்து போனேன். நீளமான ஹால் அது. இரண்டு பக்கமும் ரீல்கள் பாதி பாதியாகத் திறந்து கிடந்தன, உள்ளே ஆறு ஆறு கட்டைகள், எல்லாம் நேராக. அந்த அம்மாவின் மேசைக்கு எதிரே போய் நின்று, சொன்னதையே திரும்பச் சொன்னேன். நான் விட்டேன். நான் பொய் எழுதினேன். தப்பு என்னுது.

அவர் கையிலிருந்த அட்டையின் மடிப்பை நகத்தால் அழுத்தி நீவினார்.

“அது அப்பவே கேட்டுச்சு. நீங்க என்ன பண்ணீங்கன்னு ரெண்டு தடவையும் நல்லாவே சொன்னீங்க. அவரு பண்ணலைன்னு இன்னும் சொல்லலை.”

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. அத்தனை கத்தலிலும் அந்த ஒன்றைச் சொல்லவில்லை.

திரும்பினேன். முழு ஹாலும் தெரிந்தது. தூண் ஓரம் அவர் நின்றிருந்தார், பையில் மடித்த தாளுடன். நேற்று நீட்டிய அதே விரலை நீட்டினேன்.

“அவர் திருடலை!” என்றேன். “நேத்து நான் சொன்னது பொய்! அவர் எதையும் யாருக்கும் குடுக்கலை!”

எங்கேயோ ஒரு மெஷின் நின்றது. அப்புறம் இன்னொன்று.

முதுகுக்குப் பின்னால் அடுத்த அட்டையை மடிக்கிற சத்தம் கேட்டது.

“இப்ப சத்தம் இல்லை” என்றார் அந்த அம்மா. “இன்னொரு தடவை சொல்லுங்க.”